அடுத்தவர் பிள்ளையைப் பொது இடத்தில் கண்டிக்கலாமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கும் பையன், வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் எஸ்கலேட்டர் மேல் எதிர்த்திசையில் ஓடும் வாண்டு, கொருக்குப்பேட்டையில் நிற்கும் கூட்ஸ் வண்டிக்கு அடியில் புகுந்து வரும் பள்ளிப் பிள்ளைகள். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறுகிறது. கூடவே 'நமக்கெதுக்கு வம்பு' என்ற நினைப்பும் வருகிறது. வாயைத் திறப்பதா வேண்டாமா, திறந்தால் என்ன சொல்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று பெற்றோரும் நடத்துநர்களும் கடைக்காரர்களும் தாத்தா பாட்டிகளும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

யாரோ பெற்ற பிள்ளை. அதைக் கண்டிக்க எனக்கு என்ன உரிமை?

ஆபத்தைத் தடுக்க உரிமை உண்டு. திருத்தி வளர்க்க உரிமை கிடையாது. ஒரு பிள்ளை தனக்கோ பிறருக்கோ அடிபடும்படி எதையாவது செய்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாராக இருந்தாலும் குறுக்கிட்டே ஆக வேண்டும். சத்தமாகச் சிரிப்பது, முடி வெட்டியிருக்கும் விதம், பெரியவர் வந்தும் எழுந்திருக்காதது எல்லாம் அந்த வீட்டு விஷயம்.

'அந்தக் காலத்துல தெருவே சேர்ந்து வளர்த்துச்சு' என்று சொல்வார்கள். உண்மைதான். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வாசற்படி நேராகத் தெருவில் இறங்கும். எதிர்வீட்டு ஆயா அதட்டினால் பிள்ளை அடங்கும். அம்மா மீன் விற்கப் போன நாளில் அந்த ஆயாதான் சோறு போட்டிருப்பார். சோறு போட்ட உரிமையில் வந்த அதட்டல் அது. எம்.சி. ரோடு கடைத்தெருக் கூட்டத்தில் முதல்முறையாகப் பார்க்கும் பிள்ளையிடம் நமக்கு அந்த உரிமை வந்துவிடாது. ஆபத்தைக் கண்ணால் பார்த்தவர் என்ற உரிமை மட்டும்தான் அங்கே மிச்சம்.

எதையெல்லாம் பார்த்தால் சும்மா இருக்கக் கூடாது?

வடசென்னையில் பிள்ளைகளை உண்மையிலேயே பலி வாங்கக்கூடியவை சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டியது வேறு.

முதலில் தண்டவாளம். நிற்கும் கூட்ஸ் வண்டிக்கு அடியில் புகுவது இங்கே பழகிப்போன ஒன்று. வண்டி கிளம்பும் முன் அடியில் இருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. எஞ்சின் இழுத்ததும் பெட்டிகளுக்கு இடையிலுள்ள தளர்வு ஒவ்வொன்றாக இறுகி, பின்னால் இருக்கும் பெட்டி திடீரென வெட்டி இழுக்கும். பிள்ளை இன்னும் புகவில்லை என்றால் 'தம்பி, நில்லு, இந்தப் பக்கம் வா' என்று உரக்கக் கூப்பிடுங்கள். பாதி புகுந்துவிட்டால் கத்தாதீர்கள். பயந்து நடுவில் நின்றுவிடும். 'அப்படியே போயிடு, போயிடு' என்பதுதான் அப்போது சரி.

அடுத்தது காத்தாடி. ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதைத் தொட்டால்தான் ஷாக் என்பதில்லை. இரண்டு மீட்டருக்குள் நெருங்கினாலே ஆபத்து, காற்றைத் தாண்டிப் பாயும். டீல் போட்டு, அதாவது நூலோடு நூல் உரசி, அறுந்த காத்தாடியை எடுக்க இரும்புக் கம்பியோ ஈர மூங்கிலோ தூக்கிக்கொண்டு போகும் பையனைப் பார்த்தால், பிடிக்க ஓடாதீர்கள். தள்ளி நின்று 'கம்பியைக் கீழ போடு, பின்னாடி வா' என்று இரண்டே கட்டளை கொடுங்கள். யாராவது அடிபட்டுக் கிடந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக ரயில்வே ஆட்கள் சொல்லும் வரை கிட்டே போகக் கூடாது. ரயில்வே உதவி எண் 139, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டுக்கும் போன் போடுங்கள்.

மாஞ்சா தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கண்ணாடித் தூள் பூசிய நூல் இரண்டு சக்கர வாகனத்தில் வருகிறவர் கழுத்தை அறுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கழுத்தையும் அறுக்கும். சென்னைக் காவல்துறை தடை செய்திருக்கிறது. நைலான் மாஞ்சாவுக்கு 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. மாடியில் விடும் பையனிடம் 'சாதா நூல்ல விடு, நானே வாங்கித் தரேன்' என்று சொல்லலாம். நூலைப் பிடுங்கி அறுத்தால் அவன் பக்கத்து மாடிக்குப் போவான், அவ்வளவுதான். மாஞ்சா விற்கிற இடம் தெரிந்தால் அதைத்தான் காவல்நிலையத்தில் சொல்ல வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் கண்டெய்னர் லாரி. ஓட்டுநர் உட்காரும் இடம் உயரம் என்பதால் வண்டி மூக்குக்கு நேர் முன்னாலும் இடது கதவுக்குக் கீழேயும் நிற்கும் பிள்ளை அவர் கண்ணுக்குப் படவே படாது. இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, ஓரத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். சிக்னலில் லாரியை ஒட்டி சைக்கிளில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: 'டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலன்னா, நீ அவருக்குத் தெரியல.' இது மனசில் நிற்கும்.

கடலோரம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி படிந்திருக்கும். கால் வழுக்கினால் இடுக்கில் சிக்கும், அடுத்த அலை மேலே விழும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்கிற தைரியமே அவர்களை இன்னும் ஓர் அடி முன்னே தள்ளும். விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். மூடிய காலி பிளாஸ்டிக் கேனோ கயிறோ வீசுங்கள், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரைக் கூப்பிடுங்கள்.

எஸ்கலேட்டரில் என்ன பெரிய ஆபத்து?

மெத்தென்ற ரப்பர் செருப்பின் ஓரம், பாவாடை விளிம்பு, ஷூ லேஸ், இந்த மூன்றும் படிகளுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிக்கும். படியில் உட்காரும் குழந்தையின் விரலும் அப்படித்தான். 'பாப்பா, நடுவுல நில்லு, அம்மா கையைப் பிடிச்சுக்கோ' என்றால் போதும். சிக்கிவிட்டால் குழந்தையை இழுக்காதீர்கள். எஸ்கலேட்டரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்கும், முதலில் அதை அழுத்துங்கள்.

சரி, எப்படிச் சொல்ல வேண்டும்?

பின்னாலிருந்து குரல் கொடுக்காதீர்கள். முன்னால் போங்கள், நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். சின்னக் குழந்தை என்றால் குனிந்தோ குத்துக்கால் போட்டோ உங்கள் முகத்தை அதன் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் வார்த்தை 'தம்பி', 'பாப்பா', 'கண்ணு' என்று ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். 'ஏய்' என்று ஆரம்பித்தால் பிள்ளை உங்களைத்தான் பார்க்கும், ஆபத்தைப் பார்க்காது.

அப்புறம் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். 'ஓடாதே' என்றால் குழந்தை அதைக் கேட்டு, செய்வதை நிறுத்தி, பதிலுக்கு என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். 'நில்லு' என்றால் ஒரே வேலை. 'ஏறாதே' என்பதைவிட 'கீழ இறங்கு' நல்லது. காரணம் ஒரு வாக்கியம்: 'இங்க வண்டி திரும்பும்.' சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளைக்கு முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கேட்க அந்த இடைவெளி தேவை. கேட்டுவிட்டால் 'சரி கண்ணு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். பிள்ளை இறங்கிவிட்டது, ஆனால் பெரியவருக்கு மனசு ஆறவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் பாடம் எடுக்கிறார், சுற்றிலும் ஆள் சேர்கிறது, பிள்ளை முறைக்கிறது, மறுபடியும் ஏறுகிறது.

சுவரிலோ மரத்திலோ மொட்டைமாடிக் கைப்பிடியிலோ ஏறியிருக்கும் பிள்ளையிடம் ஒருபோதும் கத்தாதீர்கள். திடுக்கிட்டுக் கை விடும். கீழே போய் நேராக நின்றுகொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில் 'மெதுவா, வந்த வழியே இறங்கு' என்று சொல்லுங்கள்.

என்னென்ன சொல்லக் கூடாது?

'போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்.' இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஒளியும். நாம்தான் அதன் உதவிக் கதவைச் சாத்தியிருக்கிறோம். 'டாக்டர் ஊசி போட்டுடுவார்' என்பதும் அதே வகை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில் அலறும் குழந்தைகளில் எத்தனையோ பேருக்கு அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் வீட்டாரும் வழிப்போக்கர்களும்தான்.

'இதான் உங்க வீட்ல சொல்லிக் குடுத்தாங்களா?' என்பது பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டுவது. பத்து வயதுப் பையன் தன்னைத் திட்டினால்கூடப் பொறுப்பான், அம்மாவைச் சொன்னால் பொறுக்க மாட்டான்.

'அந்த ஏரியா பசங்களே இப்படித்தான்.' இதைச் சொல்பவர் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் மன்னிக்க முடியாத வார்த்தை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே 'ரவுடி' என்று முடிவு கட்டும் பழக்கம் இந்த நகரத்தில் இருக்கிறது. வேலைக்கு மனுப் போடும் வயது வரை அந்தப் பெயர் இந்தப் பிள்ளைகளைத் துரத்துகிறது. ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வந்த பையன் மெட்ரோவில் கம்பியைப் பிடித்துச் சுற்றினால் நாலு பேர் அதட்டுகிறார்கள். டை கட்டிய பையன் அதையே செய்தால் சிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். வாயைத் திறக்கும் முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: ஷூ, டை போட்ட பிள்ளை இதைச் செய்திருந்தாலும் இதே குரலில் சொல்லியிருப்பேனா? இல்லை என்று தோன்றினால் குரலை மாற்றுங்கள்.

அம்மா அப்பா பக்கத்திலேயே இருந்தால்?

நொடியில் நடக்கும் ஆபத்து என்றால் பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். மற்றபடி எப்போதும் பெரியவரிடம்தான். அதையும் தகவலாகச் சொல்லுங்கள், தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். 'அக்கா, பாப்பா படிக்கட்டுகிட்ட போவுது பாருங்க' என்றால் அவர் திரும்பிப் பார்ப்பார், நன்றி சொல்வார். 'போனையே பாத்துனு இருந்தா புள்ளையை யாரு பாக்குறது' என்றால் பிள்ளை இன்னும் படிக்கட்டில்தான் இருக்கும், சண்டை மட்டும் தொடங்கியிருக்கும்.

கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தோளில் பை என்று வரும் அம்மாவிடம் 'பையைக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்' என்று கேளுங்கள். குழந்தையைக் கேட்காதீர்கள்.

தொடலாமா? ஒரு தட்டு தட்டினால் தப்பா?

தட்டக் கூடாது, கிள்ளக் கூடாது, காதைத் திருகக் கூடாது. 'அடியாத மாடு படியாது' என்று பேசுகிறவர்களுக்குச் சட்டத்தையே சொல்லிவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 ஆசிரியரே அடிப்பதைத் தடை செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், வேண்டுமென்றே காயப்படுத்தினால் பிரிவு 115-இன்படி ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. போக விடாமல் வழிமறித்து நிறுத்தினால் பிரிவு 126. அடிபட்டது குழந்தை, அடித்தவர் அந்நியர் என்றால் எந்தக் காவல்நிலையத்திலும் உங்கள் நல்லெண்ணம் எடுபடாது.

உயிர் காக்கத் தொட வேண்டி வந்தால் தொடுங்கள். ஆனால் எங்கே பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மணிக்கட்டையோ விரலையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முழங்கை மூட்டு நழுவும். அதன்பிறகு குழந்தை அந்தக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அழும், தூக்காது. ஆகவே அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் உடம்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி ஓரமாக வையுங்கள். வைத்த உடனே கையை எடுத்துவிட்டு, ஓரடி தள்ளி நின்று, 'யாரோட பாப்பா இது?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடுங்கள்.

அந்தக் கூப்பாடு ரொம்ப முக்கியம். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்திலும், நமக்குப் பக்கத்தில் பழவேற்காட்டிலும் ஒரு குற்றமும் செய்யாதவர்களைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே வகை வதந்தி அவ்வப்போது மறுபடி கிளம்புகிறது. அழுகிற குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நடக்கும் அந்நியரைக் கூட்டம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்த இடத்தை விட்டுப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள்.

பேருந்துப் படிக்கட்டில் தொங்கும் பையன்கள் யார் சொல்லியும் கேட்பதில்லையே?

கூட்டத்துக்கு முன்னால் சொன்னால் கேட்க மாட்டார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வருவது தோற்றுப்போவது போல ஆகிவிடும். அதனால் மொத்தமாக அதட்டாமல், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பையனிடம் மட்டும், கைக்கு எட்டும் தூரத்தில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசுங்கள்.

சென்னைப் பேருந்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: 'தம்பி, பையைக் குடு, மடில வெச்சுக்கறேன்.' முதுகில் மாட்டிய பை ஆளை வெளிப்பக்கமாக இழுக்கும், பிடித்திருக்கும் கைக்குப் பாரம் கூடும், பக்கத்தில் வரும் வண்டியில் முதலில் உரசுவதும் அதுதான். பை உள்ளே வந்துவிட்டால் கூட்டத்தில் அவன் நிற்கவும் இடம் கிடைக்கும். பை யார் மடியில் இருக்கிறது என்று பார்க்க அவனும் ஓரடி உள்ளே வருவான். யாரும் தோற்கவில்லை, யாரும் திட்டு வாங்கவில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நாலு பேர் இதைச் செய்தால் படிக்கட்டு பாதி காலியாகும்.

அதற்கும் கேட்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் நடத்துநரிடம் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 123-இன்படி படியில் பயணம் செய்வதும் குற்றம், அதை அனுமதிப்பதும் குற்றம். ஓடும் வண்டியில் அவனைப் பிடித்து உள்ளே இழுக்காதீர்கள். திமிறினால் இரண்டு பேரும் விழுவீர்கள். பள்ளி விடும் நேரத்தில் வண்டி குறைவாக வருவதால்தான் தொங்குகிறார்கள் என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல. அந்தத் தடத்தில் அந்த நேரத்துக்கு இன்னொரு வண்டி கேட்டுப் பணிமனைக்குப் பத்துப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பது, பத்து நாள் அதட்டுவதைவிட மேல்.

பள்ளிச் சீருடையில் புகைக்கிறான், புகையிலைப் பொட்டலம் அடக்குகிறான். என்ன செய்ய?

பையனை விடுங்கள், கடையைப் பாருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைத் தடுப்புச் சட்டம் பிரிவு 6-இன்படி குற்றம். குழந்தைக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 77-இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். கடைக்காரர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருப்பார். முதலில் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள். நிறுத்தவில்லை என்றால் காவல்நிலையம். தெருவில் நின்று பையனை அவமானப்படுத்தினால் அவன் இன்னும் மறைவான இடத்துக்குப் போவான், அங்கே சிகரெட்டைவிட மோசமானது கிடைக்கும்.

பதினைந்து வயசுப் பையன் வண்டி ஓட்டுகிறான்.

வீட்டாரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ-இன்படி பிள்ளை வண்டியில் போய்க் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், 25 வயது வரை பையனுக்கு லைசென்ஸ் கிடைக்காது. இந்தக் கணக்கைச் சொன்னால் சாவியை எடுத்து வைத்துவிடுவார்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ போய்ச் சொல்வது சரியா?

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் 'உங்க பையன் கல்லெறிஞ்சான்' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். மானம் போன அப்பா அன்றிரவு பெல்ட்டை எடுப்பார். புகார் சொல்கிறவருக்கு அந்த அடியிலும் பங்கு உண்டு. தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லி, 'அடிக்காதீங்க அண்ணே, நான் சொன்னேன், கேட்டுக்கிட்டான்' என்று முடியுங்கள். அந்தக் கடைசி வார்த்தை பல முதுகுகளைக் காப்பாற்றும். சின்ன விஷயம், அங்கேயே தீர்ந்துவிட்டது என்றால் வீடு வரை கொண்டுபோகவே வேண்டாம்.

ஓடும் ரயில் மேல் கல்லெறிவது சின்ன விஷயம் இல்லை. ரயில்வே சட்டம் பிரிவு 153-இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை என்கிற குற்றம் அது, ஜன்னலோரம் இருப்பவருக்குக் கண்ணே போகும். அதை வீட்டாருக்குக் கட்டாயம் தெரியப்படுத்துங்கள்.

குழந்தை பேருந்தில் கத்திக் கதறுகிறது. 'அடக்கி வளர்க்கவில்லை' என்று சொல்லலாமா?

கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஹாரன் சத்தம், வியர்வை வாடை, இடிக்கும் உடம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாங்க முடியாத வலியாக இருக்கும். காதைப் பொத்திக்கொள்ளும், தலையை முட்டிக்கொள்ளும், கையை உதறும். அது பிடிவாதம் இல்லை. கூப்பிட்டும் திரும்பாத குழந்தைக்குக் காது கேளாமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று உங்களால் சொல்ல முடியாது, அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது.

உதவ நினைத்தால் ஜன்னல் ஓர இடத்தைக் கொடுங்கள். போனில் ஓடும் பாட்டை நிறுத்துங்கள். முறைத்துப் பார்ப்பவர்களுக்கும் அந்த அம்மா, குழந்தைக்கும் நடுவில் முதுகு காட்டி நில்லுங்கள். குழந்தையைத் தொடாதீர்கள், சொடக்குப் போட்டு விளையாட்டுக் காட்டாதீர்கள். 'எதாச்சும் வேணுமாம்மா?' என்று ஒருமுறை கேட்டால் போதும்.

பிள்ளைகள் இன்னொருவரைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்றால்?

இளைத்தவனைச் சுற்றி நின்று அடிப்பது, தெருநாய் வாலில் சரவெடி கட்டுவது, மனநலம் சரியில்லாதவரைக் கல்லெறிந்து ஓட்டுவது, திருநங்கையைப் பின்னால் வந்து கேலி செய்வது. இங்கே ஒதுங்கிப் போகக் கூடாது. முதலில் போக வேண்டியது பாதிக்கப்பட்டவரிடம். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், அவரிடம் பேசுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே கூட்டம் தளரும். அடுத்து 'போதும், கிளம்புங்க' என்று ஒரே வாக்கியம். யார் ஆரம்பித்தது என்று அங்கேயே பஞ்சாயத்து வைக்காதீர்கள். கத்தியோ பாட்டிலோ கையில் இருந்தால் கிட்டே போகாமல் அவசர உதவி எண் 112 அழையுங்கள்.

துணிக்கடையில் பொம்மையை இழுக்கிறது, கோவில் பிரகாரத்தில் ஓடுகிறது?

விட்டுவிடுங்கள். உங்கள் பொருள் உடையாத வரை, யார் மேலும் மோதாத வரை அது உங்கள் வேலை இல்லை.

வீடியோ எடுத்துப் போட்டால் புத்தி வருமே?

வராது. பிள்ளையின் முகம் ஏரியா குழுவிலெல்லாம் சுற்றும், பள்ளி வரை போகும், திரும்ப எடுக்க முடியாது. குற்றத்தில் சிக்கிய குழந்தையையோ பாதிக்கப்பட்ட குழந்தையையோ அடையாளம் காட்டுவதை இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 தடை செய்கிறது. ஆதாரம் வேண்டும் என்றால் கடையின் பெயர், வண்டி எண், நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பிள்ளையை யாரோ திட்டிவிட்டார். நான் என்ன செய்யணும்?

முதலில் பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் திட்டியவரிடம் 'என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். அவர் சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு என்றால் இரண்டையும் சொல்லலாம்: 'சரிங்க, நான் பாத்துக்கறேன். ஆனா புள்ளையை அப்படிப் பேசாதீங்க.' இதைப் பிள்ளை காதில் விழும்படியே சொல்லுங்கள். அந்நியரைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் கண் முன்னால் பிள்ளையை அடிக்காதீர்கள். அது பிள்ளைக்கு ஆபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லித் தராது, ஊர் முன்னால் அம்மா நம் பக்கம் இல்லை என்று மட்டும் சொல்லித் தரும். யாராவது கை வைத்திருந்தால் சும்மா விடாதீர்கள், 112 அழைத்துப் புகார் கொடுங்கள்.

பெற்றவரே தெருவில் வைத்து அடிக்கிறார். தலையிடலாமா?

தலையிடலாம், ஆனால் சண்டைக்குப் போகாமல். 'அடிக்காதே' என்று எதிர்த்து நின்றால் அந்தக் கோபம் வீட்டுக்குப் போனதும் பிள்ளை மேல்தான் இறங்கும். 'அக்கா, என்ன ஆச்சு? தண்ணி குடிங்க' என்று பேச்சை உங்கள் பக்கம் திருப்புங்கள். அந்த அரை நிமிடத்தில் ஓங்கிய கை இறங்கும். ரத்தம், தீக்காயம், பழைய தழும்பு, பசியால் ஒட்டிய வயிறு என்று எதையாவது பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பொறுப்பில் உள்ளவரே குழந்தையைக் கொடுமை செய்தால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கூட்டத்தில் குழந்தை தனியாக நிற்கிறது.

அங்கேயே, அதன் பக்கத்திலேயே நில்லுங்கள். தேடி வருகிறவர் முதலில் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத்தான் திரும்புவார். பெயர் தெரிந்தால் அம்மாவின் பெயரையும் கேளுங்கள். 'இன்னாரோட பையன் இங்க இருக்கான்' என்று குரல் கொடுங்கள். பக்கத்துப் பூக்காரியையோ கடைக்காரரையோ சாட்சியாகக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் 112 அல்லது 1098.

தெருவில் கிரிக்கெட் ஆடிக் கண்ணாடியை உடைக்கிறார்கள். இதற்காவது அதட்டலாமா?

மைதானம் இல்லாத தெருவில் பிள்ளைகள் வேறெங்கே ஆடுவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் அதட்டுவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்கார வைத்துப் பேசி முடிப்பது நல்லது. தண்ணி லாரி வரும் நேரத்தில் ஆட்டம் கிடையாது, கார்க் பந்து கிடையாது, டென்னிஸ் பந்து மட்டும், கைக்குழந்தை உள்ள வீட்டு வாசலில் ஸ்டம்ப் வைக்கக் கூடாது, இருட்டியதும் நிறுத்த வேண்டும். இதைப் பையன்களே தங்கள் கையால் எழுதட்டும், கையெழுத்துப் போடட்டும். பெரியவர்களுக்கும் விதி வேண்டும்: வண்டியைத் தெரு நடுவில் நிறுத்தக் கூடாது. பந்து வீட்டுக்குள் விழுந்தால் ஒரு பையன் மட்டும் வந்து கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். கேட்டால் பந்தை முழுசாகத் திருப்பித் தர வேண்டும், அறுத்துத் தரக் கூடாது.